வண்டிக்கு வயதானால் ஆயிலும் கெட்டியாக வேண்டுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில் பழைய பெட்ரோல் கார்களின் பராமரிப்பு பற்றி வந்த அரைப்பக்கக் கட்டுரையைப் படித்தேன். டயர், பேட்டரி பற்றிச் சொன்னதெல்லாம் சரி. என்ஜின் ஆயில் பற்றிய பத்தியோடுதான் எனக்குச் சண்டை. பத்து வருடம் தாண்டிய வண்டி என்றால் கண்ணை மூடிக்கொண்டு 20டபிள்யூ-50 என்ற கெட்டி ரக ஆயிலை ஊற்றலாம் என்று கட்டுரையாளர் எழுதிவிட்டார். அப்படிக் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு வருடம் ஊற்றியவள் நான். கடிதம் கொஞ்சம் நீளமாகப் போகும். இடமில்லாமல் வெட்டினால் என் புலம்பலை வெட்டுங்கள், எண்களை விட்டுவிடுங்கள்.

என் வண்டி 1997 மாடல். நான்கு சிலிண்டர், 1,300 சிசி, கார்புரேட்டர் இல்லாத இஞ்செக்‌ஷன் என்ஜின். என் கணவர் வாங்கியது. அவர் போன பிறகு நான் ஓட்டுகிறேன். எதையும் எழுதி வைக்கிற மனிதர் அவர். டேஷ்போர்டு பெட்டிக்குள் ஒரு சின்ன நோட்டு இருக்கும். ஒவ்வொரு முறை ஆயில் மாற்றும்போதும் தேதி, கிலோமீட்டர், அதற்குப் பக்கத்தில் "10டபிள்யூ-30, 3.3 லி., பில்டர் புதுசு" என்று ஒரே மாதிரி ஒரு வரி. அந்த நோட்டை நான் பல வருடம் திறக்கவே இல்லை. திறந்தால் அவர் கையெழுத்தைப் பார்க்க வேண்டியிருக்கும்.

1,38,000 கிலோமீட்டர் வாக்கில் காலையில் ஸ்டார்ட் செய்ததும் பின்னால் ஒரு கொத்து நீலப் புகை வர ஆரம்பித்தது. சில நொடிதான், அப்புறம் தெளிந்துவிடும். ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கில் அளவும் இறங்கியது. 2,000 கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர். ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். "மேடம், வண்டிக்கு வயசாச்சு. தேஞ்ச என்ஜினுக்குக் கெட்டி ஆயில்தான் தாங்கும்" என்று சொல்லி 20டபிள்யூ-50 ஊற்றிக் கொடுத்தார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. தேய்ந்தால் இடைவெளி பெரிதாகும், பெரிதான இடைவெளிக்குக் கெட்டியான ஆயில் வேண்டும். வகுப்பில் ஒரு பிள்ளை இப்படிப் பதில் எழுதியிருந்தால் நானே பாதி மதிப்பெண் போட்டிருப்பேன்.

நான் ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியை. முப்பத்து மூன்று வருடம் பாகுநிலை, அதாவது திரவத்தின் கெட்டித்தன்மை பற்றிய பாடம் எடுத்தவள். உயரமான கண்ணாடி ஜாடியில் எண்ணெயை நிரப்பி, எஃகு குண்டைப் போட்டு, அது மேல் கோட்டிலிருந்து கீழ்க் கோட்டுக்கு இறங்கும் நேரத்தை ஸ்டாப்வாட்ச்சில் பார்ப்போமே, அந்தச் சோதனையை எத்தனை பிள்ளைகளுக்குச் செய்து காட்டியிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. வெயில் அடிக்கிற மதியத்தில் குண்டு விறுவிறுவென்று இறங்கும், காலை வகுப்பில் ஆடி அசைந்து இறங்கும். இத்தனையும் தெரிந்தவள் என் சொந்த வண்டியின் பானெட்டைத் திறந்தபோது எல்லாவற்றையும் மறந்துவிட்டேன்.

தலைவலி போய்த் திருகுவலி வந்த கதை என்பார்கள். இங்கே தலைவலியும் போகவில்லை. காலைப் புகை அப்படியே இருந்தது. கூடவே, குளிர்ந்த காலைகளில் ஸ்டார்ட் செய்ததும் என்ஜின் தலைப்பகுதியிலிருந்து டக் டக் என்று ஒரு சத்தம். பத்துப் பன்னிரண்டு நொடி அடித்து ஓயும். என் வண்டியில் இருப்பது ஹைட்ராலிக் டேப்பட். அதற்குள் ஆயில் போய் நிரம்பினால்தான் வால்வுக்கும் அதைத் தள்ளித் திறக்கும் கேமுக்கும் இடையிலுள்ள இடைவெளி அடைபடும். அதுவரை தட்டிக்கொண்டுதான் இருக்கும். டேஷ்போர்டில் சிவப்பு ஆயில் விளக்கும் முன்பைவிட ஒரு கணம் அதிகமாக நின்று அணைந்தது. பெட்ரோல் செலவும் கொஞ்சம் கூடியது மாதிரி தெரிந்தது. அது ஆயிலால்தான் என்று சத்தியம் செய்ய மாட்டேன். மற்ற இரண்டுக்கும் செய்வேன்.

அப்புறம் ஒரு நாள், என்னிடம் படித்து இப்போது மெக்கானிக்காக இருக்கும் பையனிடம் வண்டி போனது. பையன் என்கிறேன், அவனுக்கே நாற்பது தாண்டிவிட்டது. ஆயில் கேனை எடுப்பதற்கு முன்னால் அவன் கேட்ட கேள்வி இது: "புகை எப்ப வருது டீச்சர்? காலைல எடுக்கும்போதா, மேட்டுல மிதிச்சு ஏத்தும்போதா, இறக்கத்துல காலை எடுத்து இறங்கிட்டு மறுபடி மிதிக்கும்போதா?" காலையில் மட்டும் என்றேன். அப்படியானால் வால்வு ஸ்டெம் சீல் என்றான். அவன் சொன்ன விளக்கத்தை அப்படியே தருகிறேன். வண்டி நிற்கும்போது தலையில் தேங்கிய ஆயில், இறுகிப்போன ரப்பர் சீலைத் தாண்டி, வால்வுத் தண்டு வழியாகச் சொட்டுச் சொட்டாக இறங்கிக் கிடக்கும். காலையில் அது எரிந்து நீலமாக வரும். மேட்டில் மிதிக்கும்போது விடாமல் புகைந்தால் பிஸ்டன் ரிங்கைச் சந்தேகப்பட வேண்டும். இறக்கத்துக்குப் பிறகு என்றால் வால்வுத் தண்டு ஓடும் குழலான வால்வு கைடு.

சந்தேகம் தீர நான்கு சிலிண்டரிலும் கம்ப்ரஷன், அதாவது உள்ளே ஏறும் அழுத்தம், பார்த்தான். நான்கும் 165-க்கும் 170 பிஎஸ்ஐ-க்கும் (அழுத்த அலகு) இடையில் நின்றன. ரிங்கில் குறையில்லை. என்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியே இழுக்கும் பிசிவி வால்வைக் கழற்றிக் காதோரம் வைத்துக் குலுக்கினான். கலகலவென்று சத்தம் வந்தது, அடைப்பில்லை. ஆயில் அழுத்த ஸ்விட்சைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் அழுத்தம் காட்டும் கேஜ் மாட்டினான். என்ஜின் நன்றாகச் சூடான பிறகு, நிமிடத்துக்கு 3,000 சுற்றில் 45 பிஎஸ்ஐ-க்கு மேல். ஆயிரம் சுற்றுக்குப் பத்து பிஎஸ்ஐ இருந்தால் போதும் என்பது ஒர்க்‌ஷாப் வாய்ப்பாடு. பின்னால் கெட்டி ஆயிலை இறக்கி 10டபிள்யூ-30 ஊற்றிப் பார்த்தபோதும் கணக்கு தேறியது. ஆக, என் என்ஜினுக்கு இல்லாத ஒரு நோய்க்கு இரண்டு வருடம் மருந்து கொடுத்திருக்கிறேன். விரல் நுனி அளவு ரப்பர் சீல்களை மாற்றினான். புகை நின்றது. இப்போது 5,000 கிலோமீட்டருக்குக் கால் லிட்டர்கூடக் குறைவதில்லை.

இனி எண்கள். கேன் மேல் இருக்கும் 10டபிள்யூ-30 என்பது வாகனப் பொறியாளர்களின் சங்கமான எஸ்ஏஇ அமைப்பின் தரவரிசை. 1911-லேயே தொடங்கிய வகைப்பாடு இது, பிறகு பலமுறை திருத்தப்பட்டது. டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும். 10டபிள்யூ என்றால் மைனஸ் 25 டிகிரி செல்சியஸில் என்ஜினைச் சுற்றவிடும் அளவுக்கு இளகி இருக்கிறதா என்ற சோதனையில் தேறியது. 20டபிள்யூ-வுக்கு அதே சோதனை மைனஸ் 15 டிகிரியில். பின்னால் வரும் எண் 100 டிகிரி சூட்டில் அளந்தது. அங்கே 30 என்றால் 9.3 முதல் 12.5-க்குள், 40 என்றால் 12.5 முதல் 16.3-க்குள், 50 என்றால் 16.3 முதல் 21.9-க்குள். அலகு சென்டிஸ்டோக்ஸ், எண் கூடினால் ஆயில் கெட்டி. ஆமாம், நம் குண்டு விழும் சோதனைக்கு விதி எழுதிய அதே ஸ்டோக்ஸின் பெயர்தான்.

பலரும் இந்த இரண்டு எண்ணையும், ஆயில் குளிரில் 10 ஆக இருந்து சூட்டில் 30 ஆகக் கெட்டிப்படுகிறது என்று படிக்கிறார்கள். சூட்டில் கெட்டிப்படும் என்ஜின் ஆயில் எதுவும் கிடையாது. எல்லாமே இளகும், எவ்வளவு இளகுகிறது என்பதில்தான் வித்தியாசம். சாதாரணமாக ஒரு 10டபிள்யூ-30 ஆயில் 40 டிகிரியில் எழுபது சென்டிஸ்டோக்ஸை ஒட்டி இருக்கும், 100 டிகிரியில் பத்துக்குப் பக்கத்தில் வந்துவிடும். 20டபிள்யூ-50 என்றால் 40 டிகிரியில் நூற்றைம்பதுக்கு மேல், 100 டிகிரியில் பதினெட்டு மாதிரி. இந்த நான்கு எண்ணையும் வரிசையாக எழுதிப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. "தண்ணி மாதிரி இருக்கு" என்று நாம் பயப்படும் 10டபிள்யூ-30, காலையில் ஸ்டார்ட் செய்யும் நேரத்தில், முழுச் சூட்டில் ஓடும் 20டபிள்யூ-50-ஐப் போல மூன்று நான்கு மடங்காவது கெட்டி. ஆறிய என்ஜினுக்கு எந்த ஆயிலும் இளசாக இருப்பதில்லை, எல்லாமே தேவைக்கு மேல் கெட்டிதான். அதில் இன்னும் இரண்டு மடங்கு கெட்டியை ஊற்றிவிட்டு, டேப்பட் ஏன் தட்டுகிறது என்று கேட்டால் எப்படி?

கெட்டி ஆயில் ஊற்றியதும் கேஜில் அழுத்தம் ஏறும், பார்க்க மனதுக்கு நிறைவாக இருக்கும். ஓட்டத்துக்கு எதிர்ப்பு கூடினாலும் அழுத்தம் ஏறும் என்பதை மறந்துவிடுகிறோம். அளவு மீறினால் ஆயில் பம்பில் இருக்கும் ரிலீஃப் வால்வு திறந்து, மேலே போக வேண்டிய ஆயிலில் ஒரு பகுதியைத் திருப்பிவிட்டுவிடும். கேஜில் அழுத்தம் நிறைய, டேப்பட்டுக்குப் போய்ச் சேர்வது குறைவு. என்ஜினின் சுழலும் தண்டான கிராங்க்கைத் தாங்கும் பேரிங்கில் ஆயில் நிற்கும் இடைவெளி மில்லிமீட்டரில் நூறில் மூன்று நான்கு பங்கு, ஒரு தலைமுடி நுழையாது. அந்தச் சந்துக்குள் ஓடி ஓடிச் சூட்டையும் ஆயில்தான் வெளியே கொண்டுவர வேண்டும். மந்தமாக ஓடினால் அந்த வேலையும் மந்தம்.

கெட்டி ஆயிலே கூடாது என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். சூடான பிறகு கேஜ் வைத்து அளந்து, அழுத்தம் நிஜமாகவே குறைவு என்று தெரிந்தால், மேனுவல் அனுமதிக்கும் வரம்புக்குள் ஒரு படி ஏறலாம். என் வண்டியின் மேனுவலில் ஒரு படம் இருக்கிறது: கீழே வெளி வெப்பநிலை, மேலே பட்டை பட்டையாக 5டபிள்யூ-30, 10டபிள்யூ-30, 10டபிள்யூ-40. சூடு கூடிய பக்கம் 10டபிள்யூ-40 வரை போகிறது, 20டபிள்யூ-50 இல்லவே இல்லை. இன்னும் முந்தைய காலத்து வண்டிகள் பலவற்றுக்கு மேனுவலே 20டபிள்யூ-50 என்று சொல்லும். அந்த வண்டி வைத்திருப்பவர்கள் அதையே ஊற்ற வேண்டும், என்னைப் பார்த்து 5டபிள்யூ-30-க்குத் தாவக் கூடாது. கட்டுரையாளரின் பத்து வருடக் கணக்கு இரண்டு தரப்புக்குமே பொருந்தாது.

அடுத்தது கேன் பின்னால் இருக்கும் ஏபிஐ, அதாவது அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் தர எழுத்துகள். பெட்ரோல் என்ஜினுக்கு எஸ் வரிசை. 2001-ல் எஸ்எல், 2004-ல் எஸ்எம், 2010-ல் எஸ்என், 2020-ல் எஸ்பி. பழைய வண்டிக்குப் பழைய எழுத்து என்று கட்டுரையில் ஒரு வரி வருகிறது. இது ஆபத்தான அறிவுரை. இவற்றுக்கெல்லாம் முந்தைய எஸ்எஃப் தர ஆயில் 1988-க்குப் பிறகு வந்த பெரும்பாலான பெட்ரோல் என்ஜின்களுக்கு ஏற்றதல்ல என்று ஏபிஐ-யே சொல்லியிருக்கிறது. மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கும் கேன்களில் இன்றும் அந்த எழுத்து கண்ணில் படுகிறது. 1997 வண்டிக்கு எஸ்பி ஊற்றினால் ஒன்றும் ஆகாது. முந்தைய தரங்கள் கேட்பதை அது செய்யும். டர்போ வைத்த நேரடி இஞ்செக்‌ஷன் என்ஜின்களில் வரும் முன்கூட்டிய எரிதலைத் தடுக்க அதில் சேர்த்த சங்கதிகள் என் வண்டிக்கு உபயோகமில்லை, அவ்வளவுதான்.

ஒரு இடத்தில் மட்டும் புது ஆயில் பற்றிய கட்டுரையாளரின் பயத்துக்கு அடிப்படை உண்டு. தட்டையான டேப்பட் கேம் மேல் உரசி ஓடும் அந்தக் காலத்துப் புஷ்ராடு (வால்வை நீளக் கம்பியால் தள்ளும்) என்ஜின்கள். அங்கே தேய்மானத்தைத் தடுப்பது துத்தநாகமும் பாஸ்பரஸும் சேர்ந்த இசட்டிடிபி என்ற சேர்மம். 1940-களிலிருந்து ஆயிலில் இருக்கிறது. பாஸ்பரஸ், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கும் என்பதால் 5டபிள்யூ-30, 10டபிள்யூ-30 மாதிரி இளகிய ரகங்களில் அதன் உச்சவரம்பை எஸ்எம் தரத்திலிருந்து 0.08 சதவீதமாகக் குறைத்தார்கள். 15டபிள்யூ-40, 20டபிள்யூ-50 ரகங்களுக்கு அந்த உச்சவரம்பு இல்லை. அப்படிப்பட்ட கார் வைத்திருப்பவர், அதிலும் புது கேம்சாப்ட் போட்டவர், தன் வண்டிக்குரிய ரகத்தில் துத்தநாகம் கூடுதலாக உள்ள ஆயிலைத் தேடி வாங்குவதில் அர்த்தம் இருக்கிறது. என் 1997 வண்டியில் கன்வெர்ட்டர் இருக்கிறது, அதனால் எனக்கு அது வேண்டாம். தனி பாட்டிலில் விற்கும் துத்தநாகக் கலவையைக் கண் அளவில் ஊற்றுவது யாருக்கும் வேண்டாம்.

சிந்தெடிக், அதாவது செயற்கை ஆயில் ஊற்றினால் பழைய வண்டி ஒழுகும் என்கிறாரே கட்டுரையாளர், அது பாதிக் கதை. ஆரம்ப கால சிந்தெடிக்குகள் ரப்பர் சீலைச் சுருக்கியது உண்மை. இப்போது அதற்கேற்பக் கலவையை மாற்றிவிட்டார்கள். இருந்தும் சில வண்டிகளில் ஒழுகல் தொடங்கும். காய்ந்து வெடித்த சீலை அழுக்கு அடைத்துக்கொண்டிருக்கும், புது ஆயில் அந்த அழுக்கைக் கழுவிவிடும். பழி ஆயில் மேல் விழும். ஹை மைலேஜ் என்று போட்டு விற்கும் ஆயில்களில் சீலை மிருதுவாக்கும் சேர்மானம் இருக்கிறது. கசிவு மட்டும் என்றால் குறையலாம். கிழிந்த சீலை எந்த ஆயிலும் தைக்காது.

ரசாயனம் ஊற்றி உள்ளே கழுவும் என்ஜின் ஃப்ளஷ் பற்றி ஒரே ஒரு வார்த்தை: என் மாணவன் மறுத்துவிட்டான். வருடக்கணக்கில் ஒட்டியிருந்த கசடு ஒரே மூச்சில் கழன்று, ஆயில் தேங்கும் அடித்தொட்டியான சம்புக்குள் ஆயில் உறிஞ்சும் சல்லடையை அடைத்தால் என்ஜினே போய்விடும் என்றான். அதற்குப் பதில் முதல் முறை 2,000 கிலோமீட்டரிலேயே ஆயிலும் பில்டரும் மாற்றினோம். பில்டரும் நல்லதாக இருக்க வேண்டும். வண்டி நிற்கும்போது ஆயில் திரும்பி வடியாமல் தடுக்கும் ரப்பர் வால்வு அதற்குள் இருக்கிறது. அது இறுகிப்போனாலும் அதே காலைச் சத்தம் வரும்.

எந்த ஆயிலாக இருந்தாலும் டிப்ஸ்டிக்கைப் பார்க்கிற பழக்கம் வேண்டும். சமதளத்தில் நிறுத்தி, என்ஜினை அணைத்துச் சில நிமிடம் விட்டு, துடைத்து, மறுபடி விட்டு எடுக்க வேண்டும். கறுத்திருக்கிறதே என்று பதற வேண்டாம். அழுக்கைச் சுமக்கிற ஆயில் கறுக்கத்தான் செய்யும். அளவு குறைவதைவிட ஏறினால்தான் பயப்பட வேண்டும். கார்புரேட்டர் வண்டிகளில் பெட்ரோல் பம்பின் டயாஃப்ரம் கிழிந்தால் பெட்ரோல் நேராக சம்புக்குள் இறங்கும், அளவு ஏறும், முகர்ந்தால் வாடை தெரியும். அந்த நிலையில் 50 என்று எழுதிய ஆயிலும் 50 ஆக இருக்காது. மேல் கோட்டைத் தாண்டி ஊற்றுவதும் தப்பு, கிராங்க் அதை அடித்து நுரையாக்கிவிடும். என்னைப் போலப் பக்கத்திலேயே ஓட்டுபவர்கள் கிலோமீட்டரைப் பார்த்துக்கொண்டிருக்காமல் வருடத்துக்கு ஒரு முறையாவது மாற்றிவிட வேண்டும். என்ஜின் சரியாகச் சூடாகாமலே அணைந்தால் ஆயிலில் ஈரம் தங்கும். மூடிக்கு அடியில் வெளுத்த பசை தெரிந்தால் என்ஜின் தலைக்கு அடியில் இருக்கும் ஹெட் கேஸ்கட் போய்க் கூலன்ட் ஆயிலில் கலந்துவிட்டது என்று உடனே கலங்காமல், கூலன்ட் அளவைப் பார்த்துவிட்டு, ஒரு நீண்ட பயணம் போய்வந்து மறுபடி திறந்து பாருங்கள்.

சீல் மாற்றிய அன்று, எந்த ஆயில் ஊற்றுவது என்று என் மாணவன் மேனுவலைக் கேட்டான். அதைத் தேடித்தான் டேஷ்போர்டு பெட்டியைக் குடைந்தேன். மேனுவலுக்கு மேலே நோட்டு இருந்தது. பதில் பக்கத்துக்குப் பக்கம் எழுதியிருந்தது. கடைசி வரிக்குக் கீழே நானும் எழுதினேன்: "1,46,200. 10டபிள்யூ-30, 3.3 லி., பில்டர் புதுசு, வால்வு சீல் புதுசு."

ஆசிரியர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மேனுவலில் உள்ள அந்தப் பட்டைப் படத்தை எப்படிப் படிப்பது என்று ஒரு ஞாயிறு இணைப்பில் படத்தோடு போட முடியுமா? அரைப்பக்கம்கூட வேண்டாம், கால் பக்கம் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியை ஒருவர்